இரண்டாம் சரணம் யாருடைய குரல்?

ஒருவரைப் பழிவாங்குவது என்று முடிவெடுத்ததும் மற்றவர்களுக்கு நெஞ்சு நிமிரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. வீரமும் வந்தது உண்மைதான். ஆனால் நான் அங்கிருந்து திரும்பிய பிறகுதான் வந்தது.

பழிவாங்கப்பட வேண்டியவரை, அவர் இருக்கும் ஊரின் பெயரால், லோசான் அண்ணை என்றே எழுதுகிறேன். பாடகர்களின் பெயர்களையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் எங்கிருந்தாவது வந்து பிழை பிடிப்பார். இன்னொரு முறை அவரிடம் திருத்தம் வாங்க என் உடம்பு தாங்காது.

நான் சுவிட்சர்லாந்தில், லுசேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றின் குசினியில், காய்கறி வெட்டிச் சலாட் செய்யும் பகுதியைப் பார்க்கிறேன். அது வீட்டு வாடகைக்கு. எனக்கென்று நான் செய்வது மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு. இந்த நகரத்தின் ஒரு சின்ன வானொலியில் ஒரு மணி நேரம் சோல் பாட்டுகளைப் போட்டுத் தமிழில் கதைப்பேன். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் தேவாலயத்தில் கடவுளிடம் கெஞ்சிய அதே குரலை எடுத்துக்கொண்டு போய்க் காதலியிடம் கெஞ்சினால் எப்படி இருக்கும், அதுதான் சோல். தேவாரம் பாடிப் பழகிய தொண்டை காதல் கடிதம் வாசிப்பதுபோல. மூன்று வருடமாகச் செய்கிறேன். கேட்பவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணாமல் இருப்பது மனத்துக்கு நல்லது. என் மனுசி கேட்பதில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றைக்கு, ஐந்து ஆண்கள் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்டுப் பாடிய ஒரு குழுவின் பழைய இசைத்தட்டொன்றில் பின்பக்கத்தில் வந்த பாட்டைக் கணினியிலிருந்து போட்டேன். நான் பிராணனை விடுவது அந்தப் பாட்டுக்குத்தான். “இந்தக் கவலையைப் பாடுகிறவர் குழுவின் கட்டைக்குரல்காரர்” என்று மைக்கில் சொன்னேன். “இவருடைய தொண்டையில் ஓர் ஆறு ஓடுகிறது” என்றும் சேர்த்தேன். அப்படியெல்லாம் சொல்வேன். தொலைபேசி மினுங்கியது. நான் ஆசையோடு எடுத்தேன்.

“வணக்கம் தம்பி. லோசானிலயிருந்து கதைக்கிறன். என்ர குரல் தெரியுதோ?”

தெரிந்தது. டாவோஸ் என்ற மலை ஊரின் ஹோட்டலொன்றில் ஒரு பனிக்காலம் முழுக்க ஒரே தொட்டியில் என்னோடு கோப்பை கழுவியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

“அண்ணை! எத்தினை வருசம்!”

“அது இருக்கட்டும். உம்மட பாட்டு ஏன் காய்ச்சல்காரன் மாதிரி இழுத்து இழுத்து வருது? நான் மூண்டு மாசமா இணையத்தில கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். எல்லாப் பாட்டும் இழுக்குது.”

“அது அந்தப் பாட்டின்ரை இயல்பண்ணை.”

“விசர்க்கதை. அதோட, இதைப் பாடுறது கட்டைக்குரல்காரரும் இல்லை. மேல்குரல்காரர். தொடக்கத்திலயிருந்து முடிவுவரை அவர்தான். ஒரு மூச்சுக்கூட வேற ஆளின்ரை இல்லை. வேணுமெண்டால் எழுதித் தாறன்.”

“இல்லையண்ணை, எனக்குக் காது…”

“காதோ? டாவோசில கோப்பை கழுவேக்கை காதுக்குள்ளயும் சவுக்காரம் போட்டனீரோ?”

நேரடி ஒலிபரப்பு. என் கை தானாக எதையோ அழுத்தியது. அடுத்த பாட்டை என்று நினைத்தேன். லுசேர்ண் நேயர்களுக்குக் கேட்டது, கட்டடத்தில் தீ விபத்து ஏற்பட்டால் எந்தப் படிக்கட்டால் இறங்க வேண்டும் என்ற ஜெர்மன் பயிற்சி அறிவித்தல்.

அந்த வாரம் தமிழ்க் கடைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். “அண்ணை, வேற ஏதும் வேணுமோ? சவுக்காரம்?” பின்னால் நின்ற இரண்டு பேர் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் நிகழ்ச்சியை நான் நினைத்ததைவிட அதிகம் பேர் கேட்கிறார்கள் என்று. நல்ல செய்தி வந்த நேரத்தைப் பாருங்கள்.

இதோடு நின்றிருந்தால் நான் பழிவாங்கலைக் கனவிலேயே முடித்திருப்பேன். ஆனால் நிலையத்தை நடத்தும் சுவிஸ் பெண்மணி என்னை அழைத்து ஒரு கடிதத்தைக் காட்டினார். லோசான் அண்ணை எழுதியது. அவருக்குத் தெரிந்தது லோசானில் பேசும் பிரெஞ்சு. யாரையோ பிடித்து அழகான ஜெர்மனில் எழுதுவித்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தைத் தன்னிடம் தந்தால், பாட்டுகளைச் சரியான வேகத்தில், சரியான தகவலோடு, லோசானிலிருந்து தன் செலவில் ரயிலேறி வந்து ஒலிபரப்பத் தயார். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. “அடுத்த நிகழ்ச்சியை நானே நிலையத்தில் இருந்து கேட்கிறேன்” என்றார். “வேகம் சரியா, நேயர்கள் அழைக்கிறார்களா என்று பார்த்து யாருக்கு என்று முடிவு சொல்கிறேன்.”

மாதத்தில் மிச்ச நேரமெல்லாம் என்னிடம் யாரும் கேட்பது வெள்ளரிக்காய். அந்த ஒரு மணி நேரத்தில்தான் என்னிடம் பாட்டுக் கேட்பார்கள். அதையும் அவர் எடுத்துக்கொண்டால் நான் வெள்ளரிக்காயோடு வெள்ளரிக்காயாகிவிடுவேன்.

“அப்படியானால் அவரையும் அன்றைக்கு நிலையத்துக்கு அழைப்போம்” என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. எனக்கு அதில் பங்கில்லை.

என் திட்டம் எளிமையானது. அந்த இசைத்தட்டின் அசலை வாங்குவது. அவர் முன்னால் அதைச் சுழலவிடுவது. கட்டைக்குரல்காரர் பாடுவார். லோசான் அண்ணை வாயைப் பொத்துவார். நான், “அண்ணை, சவுக்காரம் வேணுமோ?” என்று கேட்பேன். இந்தக் கடைசி வசனத்தை எட்டு விதமாகப் பேசிப் பார்த்தேன். தக்காளி வெட்டும்போதும் பேசிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சமையற்காரன் என்னை மூன்று நாள் ஒரு மாதிரிப் பார்த்தான்.

இசைத்தட்டு தபாலில் வந்தது. சுழற்றிப் பார்க்க என்னிடம் பெட்டி இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் சாரதியிடம் இருந்தது. சுவிஸ்காரர், கைக்கடிகாரத்தைத் தேவாலய மணியோடு ஒப்பிட்டு மணியைத்தான் சந்தேகிப்பவர். தட்டைத் துணியால் துடைத்து வைத்தார். ஊசி இறங்கியது.

யாரோ வேறொரு ஆள் பாடினார். மெல்லிய, உயர்ந்த, கண்ணாடி போன்ற குரல். மேல்குரல்காரர்.

“உங்கள் பெட்டி கெதியாக ஓடுகிறது” என்றேன்.

அவருடைய பேருந்து நேரம் பிந்தியதென்று சொன்னால்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். சுழலும் தட்டின் விளிம்பில் இருந்த புள்ளிகளைக் காட்டினார். சிறு விளக்கொன்று அவற்றின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. வேகம் சரியென்றால் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியுமாம். நின்றன. இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். நின்றன. மூன்றாம் முறை அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

தண்ணீரைக் குடிக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாவோஸ் ஹோட்டலில் நாங்கள் கோப்பை கழுவிய அறையில் ஒரு கசட் பெட்டி இருந்தது. பாரில் வேலை செய்த ஒருவன் விட்டுவிட்டுப் போன ஒரே ஒரு கசட்டும் இருந்தது. சோல் பாட்டு எனக்குள் புகுந்தது அதிலிருந்துதான். முதல் பனிக்காலம் முடிய லோசான் அண்ணை வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த பனிக்காலத்தில், சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று, நானேதான் அந்தப் பெட்டியைக் கழுவும் இயந்திரத்துக்கு மேலே தூக்கி வைத்தேன். ஆவி நாள் முழுக்க அதன் வயிற்றுக்குள் போனது. உள்ளே இருந்த ரப்பர்ப் பட்டி இளகித் தொய்ந்திருக்கும். பெட்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்திருக்கும், வேகம் குறையக் குறையக் குரலும் கட்டையாகியிருக்கும். நான் அதோடு சேர்ந்தே மெதுவானதால் எனக்குத் தெரியவில்லை. குசினியைத் திருத்திக் கட்டியபோது பெட்டியை எறியப் பார்த்தார்கள். கட்டிப்பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு அதே பாட்டுகளை வேறெங்கு கேட்டாலும் கெதியாக ஓடின. இந்தக் காலத்துக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்று நினைத்தேன். வானொலிக்குப் பாட்டுத் தயாரிக்கும்போது, கணினியில் வேகத்தைக் குறைக்கும் ஒரு கோட்டைப் பிடித்து என் கசட்டோடு ஒத்துவரும் வரை இழுப்பேன். ஒரு பாட்டை அல்ல. எல்லாப் பாட்டையும். உண்மையைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில், மூன்று வருடமாக லுசேர்ண் தமிழர்களுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர் ஊசியை எடுக்கவில்லை. பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போனது. நான் தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அது மேல்குரல்காரர் இல்லை. மெதுவாக ஓடியபோது எல்லாக் குரலும் ஒரே கிணற்றுக்குள்ளிருந்து வந்ததால் எனக்குப் பிரித்துத் தெரிந்ததில்லை. இப்போது தெளிவாக இருந்தது. அந்தச் சரணத்தைப் பாடுவது ஒரு பெண்.

ஒரு மூச்சுக்கூட வேறு ஆளின் மூச்சில்லை என்று அவர் சொன்னாரே! எழுதித் தருகிறேன் என்றாரே!

தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனப்பிழை செய்தவனை நம்மவர்கள் முட்டாள் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த மனிதனின் பக்க நியாயத்தை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் நானே என் பிழையை ஒப்புக்கொள்வது. அவர் வயிறு நிறைய வெற்றியைச் சாப்பிடுவார். அந்த மிதப்பில் முழுப் பாட்டுக்கும் சத்தியம் செய்வார். அப்போது இரண்டாம் சரணத்தை வைப்பது. இதுதான் புதிய திட்டம். சவுக்கார வசனம் அப்படியே இருந்தது.

ஞாயிறு வந்தது. ஒரு மணிக்கே நிலையத்துக்குப் போய்விட்டேன். ஒன்றரைக்கு இடது கை விறைத்தது. மாரடைப்புத்தான் என்று முடிவுசெய்து போனில் அறிகுறிகளைத் தேடினேன். பிறகு பார்த்தால், அரை மணி நேரமாக இசைத்தட்டை அந்தக் கையால் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மற்றக் கைக்கு மாற்றினேன். மாரடைப்பு வலப்பக்கம் போனது.

லோசான் அண்ணை ஒன்று நாற்பதுக்கு வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வானொலிக்குக் கழுத்துப்பட்டி! நிலையத்துப் பெண்மணியிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“என்ன தம்பி, வேர்க்குது?”

“வெக்கையண்ணை.”

“இந்தப் பங்குனிக் குளிரிலயோ?”

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் தொடங்கினேன். ஆவி, கசட் பெட்டி, கணினிக் கோடு, மூன்று வருடம். ஒன்றையும் ஒளிக்கவில்லை. “நேயர்களே, நீங்கள் இதுவரை கேட்ட சோகத்தில் பாதி என் ரப்பர்ப் பட்டியின் சோகம்” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்மணி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாவிட்டாலும், ஒரு மனிதன் தன் மூக்கை அறுப்பது எந்த மொழியிலும் விளங்கும்.

அண்ணையின் முகம் விரிந்தது. “நேயர்கள் கேட்டனீங்களோ? நான் சொன்னனான்தானே. காது எண்டது எல்லாருக்கும் இருக்கும். கேக்கத் தெரியவேணும்.”

“அப்ப அண்ணை, முழுப் பாட்டும் மேல்குரல்காரர்தானோ?”

“சந்தேகமோ? அவற்றை ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும். என்னை நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.”

“இரண்டாம் சரணமும்?”

“அதுவும் அவர்தான்.”

நான் நிலையத்துப் பெட்டியில் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வைத்ததால் அது இரண்டாம் சரணத்தில் இறங்காமல் பாட்டு முடிந்த இடத்தில் போய் இறங்கியது. பத்து விநாடி நேயர்கள் கேட்டது உரசல் சத்தமும், நான் மூட மறந்த மைக்கில் என் இரைப்பும். மறுபடி வைத்தேன். இந்த முறை அந்தப் பெண் பாடினாள்.

“இது ஆரண்ணை?”

அவர் கண் ஒரு கணம் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலுக்காகத்தான் நான் மூக்கை அறுத்தேன்.

“அவர்தான். கள்ளக்குரலில பாடுறார்.”

“பொம்பிளைக் குரல் மாதிரி இருக்குது?”

“தட்டின்ரை உறையில இருக்கிற படத்தைப் பாரும். அஞ்சு பேர் நிக்கிறாங்கள். அஞ்சும் ஆம்பிளையள். பொம்பிளையை எங்க, கோட்டுக்குள்ளயோ வைச்சிருக்கிறாங்கள்?”

“சரணம் முடியிற இடத்தில ரெண்டு குரலும் ஒண்டாக் கேக்குதண்ணை. ஒரு வாயால ரெண்டு பாடேலுமோ?”

“ரெண்டு தரம் பாடி ஒட்டியிருப்பாங்கள். உமக்கு வேகமே தெரியாது, ஒட்டுறதைப் பற்றிக் கதைக்க வந்திட்டீர்!”

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருக்கலாம்தான். எட்டு விதமாகப் பழகிய வசனத்தைச் சொல்ல இடமில்லை. பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார். என் மணி நேரம் என் கண் முன்னாலேயே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

தொலைபேசி மினுங்கியது.

“வணக்கம், ஆர் கதைக்கிறீங்கள்?”

“நான் லோசானிலயிருந்து. உங்களுக்கு முன்னால இருக்கிற ஆளின்ரை மனுசி.”

அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இஞ்சரப்பா, கேக்குதோ? அது பொம்பிளை. கலியாணம் கட்டி வந்த முதல் வருசமே சொன்னனான். ‘உமக்கென்ன தெரியும், போய் உலையைப் பாரும்’ எண்டனீங்கள். நானும் இருபத்தாறு வருசமா உலையைப் பாத்துக்கொண்டுதான் கேக்கிறன்.”

“நீர் இப்ப வையும். இது ரேடியோ.”

“ரேடியோ எண்டு தெரிஞ்சுதான் எடுத்தனான். வீட்டில சொன்னால் கேக்கமாட்டியள். தம்பி, அந்த ரெண்டாவது வரியில அவ இடையில மூச்சு எடுக்கிறா, கவனிச்சனீங்களோ?”

“இல்லை அக்கா.”

“போட்டுப் பாருங்கோ.”

போட்டேன். இந்த முறை ஊசி சரியாக இறங்கியது. வரியின் நடுவில், எடுக்கவே கூடாத இடத்தில், ஒரு சின்ன மூச்சு. மேலால் எடுத்த மூச்சு, பாதியில் முட்டி நின்றது.

“நான் ஆசுப்பத்திரியில பிள்ளை பெறுற வாட்டைத்தான் பத்தொன்பது வருசமாத் துடைக்கிறன். அந்த மூச்சை எனக்குத் தெரியும். உள்ளுக்க பிள்ளை ஏறி முட்டேக்கை அப்பிடித்தான் எடுக்கிறவை. பாடினவவுக்கு அப்ப வயித்தில ஏழு மாசம். உவர் சொல்லுற ஆம்பிளைக்கு எத்தினை மாசமாம்? கேட்டுச் சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகு நிலையத்தின் எல்லா விளக்குகளும் மினுங்கத் தொடங்கின. ஏழு மாதத்தில் கோவில் திருவிழாவில் பாடிய ஒருவர் எடுத்தார். ஆறாம் மாதத்தில் ரயிலைப் பிடிக்க ஓடிய ஒருவர், தன் கணவருக்குச் செய்தி ஒன்றையும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார். ஒரு மருத்துவத் தாதி அந்த மூச்சை இன்னொரு முறை போடச் சொன்னார். நான் சந்தோசமாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அண்ணையைப் பார்த்துக்கொண்டுதான் போட்டேன். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

அந்தப் பாடகி யார், உண்மையில் எத்தனை மாதம் என்று உறுதி சொல்ல எங்களில் எவராலும் முடியாது. அதைப் பற்றி எனக்கு அன்றைக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. ஒரு சின்ன வருத்தம் மட்டும் இருந்தது. பழி என்னுடையது. அதை நான் மூன்று நாள் தக்காளிக்கு முன்னால் நின்று பழகினேன். தொலைபேசியில் வந்த ஓர் அக்கா அதை இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சவுக்கார வசனம் செலவாகவே இல்லை.

மூன்று மணிக்குப் பெண்மணி கதவைத் திறந்தார். “இவ்வளவு அழைப்பு இந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை” என்றார் என்னிடம். “தொடர்ந்து நீங்களே செய்யுங்கள். வேகத்தை மட்டும் தொடாதீர்கள்.” லோசான் அண்ணையிடம் கை குலுக்கி, வந்ததற்கு நன்றி சொன்னார். சுவிஸ்காரர்கள் ஒருவரை வெளியே அனுப்பும்போது செய்வதைப் போலவே, மிகவும் மரியாதையாக.

வந்தவரை ரயிலேற்றி விடாமல் வீட்டுக்குப் போக என் வளர்ப்பு இடம் தரவில்லை. அதோடு அவர் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவும் ஆசை. ரயில் நிலையத்துக் கடையில் அவர் சொக்லேட் பெட்டிகளுக்கு முன்னால் நின்றார். ஒன்றை எடுத்தார், வைத்தார், அதைவிடப் பெரியதை எடுத்தார். வானொலியில் ‘நீர்’ போட்டவர் இங்கே ‘நீ’க்கு வந்திருந்தார்.

“உந்த ஒலிப்பதிவை இணையத்தில ஏத்தாதை, என்ன?”

“ஏத்தியாச்சண்ணை. பஸ்ஸில வரேக்கை.”

அவர் என்னைப் பார்த்தார். பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டார். மேடையில் லோசான் ரயில் நின்றது.

“வீட்டை போய் என்ன சொல்லுறது?” என்று கேட்டார். தண்டவாளத்தைத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

“பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. நானும் சொன்னனான்தானே. சாகேல்லை.”

“உனக்கு மூண்டு வருசத்துப் பிழை” என்றார். “எனக்கு இருபத்தாறு.”

ஏறினார். ஜன்னலோரம் இருந்து சொக்லேட் பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வந்தது. கண்ணாடியைத் தட்டி, “அக்கா அப்படியெல்லாம் கோவிக்கமாட்டா, அண்ணை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரயில் புறப்பட இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. நான் அந்த நிமிடம் முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கழித்தேன்.